பேர் வெட்டிய டம்ளர்

இசைவாணி வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பார்க்க மாட்டாள். தண்ணீர் எப்போது வரும், மாடியில் துணி காயப்போடலாமா, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் கணவன் ராபர்ட் விசாரித்துக்கொள்வான். அவள் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்தக் கேள்வியில் அந்த முகம் மாறுகிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான். "சொந்த ஊரு எது?" குமராட்சிப் பக்கம் என்பாள். "பக்கம்னா?" வடமூலை என்பாள். "வடமூலையில எங்க?" என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் அங்கே நிற்பது வெட்டி வேலை. வடமூலையில் இருப்பது இரண்டே இடம். ஒன்று ஊர், இன்னொன்று காலனி. காலனி என்றால் கேட்டவருக்குச் சாதி தெரிந்துபோகும். பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. "சரி, போன் பண்றோம்" என்பார்கள். அந்தப் போன் ஒருநாளும் வந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் பிழைப்பே ஊரார் கையைப் பிடிப்பதுதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர், பட்டுப்புடவை, கிழிந்த லுங்கி எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளிடம் கையை நீட்டுவார்கள். ஊசி குத்துகிறவள் எந்தத் தெரு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. குத்தின வலி தெரியவில்லை என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அதே கை வாடகைக்கு ஒரு சாவி கேட்டால்தான் அவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

ராபர்ட் அவளுக்கு அத்தை மகன். ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் சர்ச்சுக்கும் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு அது தடையாக இல்லை. கல்யாணத்தின்போது அப்பா காத்தவராயன் அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய், பாத்திரக் கடையில் உட்காரவைத்து, எவர்சில்வர் சாமான் எடுத்துக் கொடுத்தார். பந்திக் கூட்டத்தில் கலந்து காணாமல் போகாமலிருக்கப் பாத்திரத்தில் பேர் வெட்டிக்கொள்வது வழக்கம். கடைப்பையன் கரகரவென்று சத்தமிடும் ஊசியை வைத்துக்கொண்டு, பேர் மட்டும் போதுமா என்று கேட்டான். வாழ்நாளில் முதல்முறையாக மொத்தமாகப் பாத்திரம் வாங்கிய மனிதர் அதோடு விடுவாரா? "ஊரு, தெரு எல்லாம் முழுசா போடுப்பா. மவளுக்குக் குடுக்கறது" என்றார். குடம், குண்டான், தட்டு, டம்ளர் என்று ஒன்று விடாமல் 'கு. காத்தவராயன் – பொன்னி, வடமூலை காலனி' என்று வெட்டி வந்தது. இசைவாணிக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது.

சிதம்பரத்தில் முதல் வாடகை வீடு, சுனாமி வந்து போன அடுத்த வருஷம். கடலோரத்தில் வீட்டை இழந்தவர்களும் அவர்களுக்கு உதவ வந்தவர்களும் ஊருக்குள் வீடு தேடிக்கொண்டிருந்த சமயம். ராமாமிர்தம் என்ற ஓய்வு பெற்ற மனிதர் எப்படியோ கேள்வி கேட்க மறந்து வீட்டைக் கொடுத்துவிட்டார். புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு முதல் டம்ளரை வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள் அல்லவா, இசைவாணியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ராமாமிர்தத்தின் மனைவி டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெச்சிட்டுப் போம்மா, ஆறட்டும்" என்றார். மறுநாள் தெருமுனைக் குப்பைத் தொட்டியில், கத்திரிக்காய்க் காம்புகளுக்கு நடுவே அந்த டம்ளர் கிடந்தது. இசைவாணி அதைக் கையை விட்டு எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்தவள், பேர் வெட்டின சாமான் அத்தனையையும் ஒரு கோணியில் போட்டு, அந்த டம்ளரை மேலே வைத்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அழுதாளா என்றால் அழுதாள். அப்பாவுக்குத் தெரியாமல் அழுதாள்.

மூன்றாம் மாதம் ராமாமிர்தத்தின் மகன் வெளிநாட்டிலிருந்து வருவதாகவும் வீடு வேண்டுமென்றும் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அவள் புத்தியாகப் பேர் வெட்டாத டம்ளர் ஒன்றை வாங்கிக்கொண்டாள். பால் கொடுப்பதற்கென்றே அது. 'வீட்டுக்காரம்மா டம்ளர்' என்று ராபர்ட் அதற்குப் பேர் வைத்தான். அந்த வீட்டுக்காரம்மா பாலைக் குடித்தார், டம்ளரில் சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தார். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது தெரிந்த மனிதர். இசைவாணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அப்புறம் காத்தவராயன் பேத்தி அறிவுமதியைப் பார்க்க வந்தார். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் தன் ஊர், தெரு, யாருடைய வயலில் எத்தனை காலம் வேலை செய்தார் என்பது வரைக்கும் ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்கும் ஒரு மகன் இருந்தான். அவனும் கிளம்பி வந்துகொண்டிருந்தான்.

சிதம்பரத்தில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் வெளியூரில் ஒரு மகன் உண்டு என்று இசைவாணி கண்டுபிடித்தது அப்போதுதான். வருகிறான் வருகிறான் என்பார்கள். வந்து யாரும் பார்த்ததில்லை.

ராபர்ட்டுக்குக் கடலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்ததும் கடலூருக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. அதன் சொந்தக்காரர் தேவசகாயம் புதுச்சேரியில் இருந்தார். கேள்வியும் கேட்கவில்லை, பால் குடிக்கவும் வரவில்லை. வெயிலில் கூரை காய்ந்தது, மழையில் காதைப் பிளந்தது. இருந்தும் அங்கே இசைவாணி நன்றாகத் தூங்கினாள். இரண்டாயிரத்துப் பதினொன்று முடிய இரண்டு நாள் இருக்கும்போது தானே புயல் வந்து அந்தக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அலமாரியில் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. வீட்டுக்காரம்மா டம்ளரும் போனது. கட்டிலுக்கு அடியில் கிடந்த கோணி மட்டும், கனத்தினால், இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வீடு தேடிய கதையைச் சொன்னால் எதிரிக்கும் கண்ணீர் வரும். மாவட்டத்தில் பாதிப் பேருக்குக் கூரை இல்லை. கரண்ட் கம்பம் நட வெளியூரிலிருந்து வந்தவர்கள் லாட்ஜ்களில் நிறைந்திருந்தார்கள். ஓட்டு வீட்டுக்கு மாடி வீட்டு வாடகை சொன்னார்கள். போதாக்குறைக்கு அது மார்கழி மாதம். மார்கழியில் யாரும் குடி போகவும் மாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். ராபர்ட்டின் கம்பெனிக் குடோனில் ஒரு மூலையில், மூட்டைகளுக்கு நடுவே, மகள் அறிவுமதி நனைந்த பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "அம்மா, நம்ம வீடு எதுன்னு மிஸ் கேட்டாங்க. என்ன சொல்லட்டும்?" என்றாள்.  அன்றிலிருந்து இசைவாணிக்கு அது ஒன்றுதான் நினைப்பு. இந்தப் பெண் பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் 'மகன் வர்றான்' என்று யாரும் சொல்லாத ஒரு வீடு.

பரிசோதனை நிலையத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிற லோகநாயகிதான் அந்த இடத்தைச் சொன்னாள். திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் பின்னால், அவள் இருக்கும் தெருவிலேயே. பழைய காரை வீடு. முன்கட்டில் ஞானாம்பாள் என்ற அம்மா தனியாக இருந்தார். பின்கட்டு காலி.

ஞானாம்பாள் நெற்றியில் விபூதியோடு வந்து நின்றார். கூடத்துச் சுவரில் கணவர் படம், மாலை போட்டு, சின்ன விளக்கோடு. அவர் எப்போது போனார் என்று இசைவாணி கேட்கவில்லை. கேள்வி கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. அதனால் அவளும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

"மார்கழியில குடி வைக்கக் கூடாதுதான்" என்றார் ஞானாம்பாள். "மழைக்கு ஒதுங்கறவங்களுக்கு மார்கழி என்னா, தை என்னா? வந்து இருங்க. பால மட்டும் தை பொறந்ததும் காய்ச்சிக்குங்க."

அவ்வளவுதான். ஊர் கேட்கவில்லை. ராபர்ட் என்ற பேரைக் கேட்டும் புருவம் உயரவில்லை. வெளியே வந்ததும் ராபர்ட் சிரித்தான். இசைவாணி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"கேள்வியே கேக்கலியே மாமா."

"கேட்டா ஏன் கேக்கறாங்கன்ற. கேக்கலன்னா ஏன் கேக்கலன்ற. நீ ரத்தத்த டெஸ்ட் பண்ற மாரி மனுசங்களயும் டெஸ்ட் பண்ணிகினு கெடக்குற" என்றான் ராபர்ட்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவாது" என்றாள் இசைவாணி.

பின்கட்டில் தூக்குப் போட்டுச் செத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, வீடு கோர்ட்டில் கிடக்கிறதா, ராத்திரியில் பல்லி விழுகிறதா என்று அவள் பாட்டுக்கு மனசுக்குள்ளேயே துருவிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து யாரையும் கேட்டால்தானே பதில் வரும். சாமான்களை முழுதாகப் பிரிக்கவில்லை. நாலு தட்டு, இரண்டு பாத்திரம் புதிதாக வாங்கி அதிலேயே ஓட்டினாள். கோணி கட்டினபடி மூலையில் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தாள். இவள் அடுக்களையில் குக்கர் விசில் அடித்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் ஞானாம்பாள் எழுந்து வரும் சத்தம் கேட்கும். பாத்திரம் ஒன்று நகரும். தினமும் அப்படித்தான். என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடிக்க வருகிறார் என்று இசைவாணி முடிவு கட்டினாள். கருவாடு வாங்குவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதையும் நிறுத்தினாள். ராபர்ட் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே, "மார்கழி முடிஞ்சாலும் நமக்கு நோன்பு முடியாது" என்று முனகினான்.

பொங்கலுக்கு வடமூலைக்குப் போய்விட்டு வந்து, தை முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாக நன்றாகப் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் அசந்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் ராபர்ட் டம்ளர் தேடினான். புதிதாக வாங்கியதில் டம்ளர் இல்லை, பிளாஸ்டிக் லோட்டாவில் வீட்டுக்காரம்மாவுக்குப் பால் கொடுத்தால் நன்றாக இருக்காது. கோணியை அவிழ்த்து மேலே கிடந்ததை எடுத்து, கழுவி, பால் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்விட்டான். இசைவாணி திரும்பிப் பார்த்தபோது அவன் முற்றத்தைத் தாண்டியிருந்தான். ஓடினாள். அதற்குள் டம்ளர் ஞானாம்பாள் கையில் இருந்தது. பேர் வெட்டிய பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

ஞானாம்பாள் படித்தார். நிதானமாகப் படித்தார், அவர் உதடு அசைந்ததைக்கூட இசைவாணி பார்த்தாள்.

"ஆறட்டும் தம்பி. வெச்சி குடிக்கிறேன்" என்றார்.

ஆறட்டும். இசைவாணிக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழக்கம். டம்ளரும் அதேதான். குப்பையிலிருந்து எடுத்த அதே டம்ளர்.

அன்று சாயங்காலம் டம்ளர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சர்க்கரையோ அரிசியோ வாழைப்பழமோ எதையாவது வைத்து மறுநாளைக்குள் திருப்பிவிடுவதுதான் எங்கும் நடப்பது. பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பும்போது இசைவாணி தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வரும்போதும் பார்த்தாள். வேப்பமரத்தடியில் பால் கொட்டின வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பூக்கடைக்காரி, "என்னாம்மா, எதனா தொலச்சிட்டியா?" என்று கேட்டபோது ஆமாம் என்றாள்.

டம்ளர் போனால் போகட்டும். ஞானாம்பாளே மாறிவிட்டார், அதுதான் பெரிதாக இருந்தது. முன்பெல்லாம் துவைக்கிற கல்லருகே நின்று தண்ணீர் வந்ததா, பிள்ளைக்குப் பரீட்சை எப்போது என்று இரண்டு வார்த்தை பேசுவார். இப்போது இசைவாணி முற்றத்துக்கு வந்தால் அவர் உள்ளே போய்விடுகிறார். எதிரே பட்டுவிட்டாலும் பார்வை தரையில் இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் நகர்வது நிற்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் நிஜமாகவே பேயைப் பார்த்து அரண்டவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

மாசி பிறந்தது. ஒருநாள் காலையில் ஞானாம்பாள் முற்றத்தில் நின்று, தரையைப் பார்த்தபடியே சொன்னார். "எளவரசு வர்றான், மெட்ராஸ்லேருந்து. கொஞ்சம் ஆளுங்களும் வருவாங்க. உங்ககிட்டயும் சொல்லிடணுமில்ல."

இளவரசு என்பது அவர் மகன். இசைவாணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.  

"வர்றானாம்" என்றாள் ராபர்ட்டிடம். "மவன் வர்றானாம்."

"அம்மாவப் பாக்க மவன் வரக் கூடாதா?"

"இத்தினி நாளு வராதவன் நாம பால் காய்ச்சினதும் வர்றான் பாரு. அவுங்க கழுத்தப் புடிச்சித் தள்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம் மாமா. இந்த ஒரு தடவையாவது நாமளா போறதா இருக்கட்டும்."

தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள் இருந்தன. கழிப்பறை பொது. பின்னால் சாக்கடை. அங்கே யாரும் யாரையும் ஊர் கேட்பதில்லை. கேட்டு வடிகட்டுகிற அளவுக்கு அந்த வீடுகளுக்கு ஆள் வருவதில்லை. திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அறிவுமதியிடம் சொன்னபோது அவள் புத்தகங்களை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். அப்படி அடுக்க அவளுக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் இசைவாணிக்கு மனசு உடைந்தது.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் லோகநாயகியிடம் விஷயத்தைச் சொன்னாள். டம்ளர் வராததையும் சொன்னாள்; டம்ளரில் என்ன வெட்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. லோகநாயகி பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தம்மா வூட்டுக்காரர் போயி இன்னும் வருசம் திரும்பல. உனுக்குத் தெரியாதா?"

"எனுக்கு யாரு சொன்னா?"

"நீ யாரக் கேட்ட? போன மாசியில போனாரு. அந்த வூட்ல தீவாளி இல்ல, பொங்கல் இல்ல. நீதான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டியே. துக்க வூட்லேருந்து, புதுசா பால் காய்ச்சின வூட்டுக்கு அரிசி சக்கரன்னு எதையாவது வெச்சிக் குடுப்பாங்களா? வெறும் டம்ளரயும் குடுக்கக் கூடாது. அதான் வருசம் திரும்பட்டும்னு வெச்சிருப்பாங்க. அந்தப் புள்ள நாளைக்கி வர்றதே அப்பாவுக்குத் தலைத் திவசம் குடுக்கத்தான்."

இசைவாணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். புருஷனை இழந்த பொம்பளையைப் பார்த்து ஓநாய் என்றோமே, குப்பைத் தொட்டியையெல்லாம் எட்டிப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அத்தோடு, வெகுகாலத்துக்குப் பிறகு, சந்தோஷமாகவும் இருந்தது. வழியில் கருவாடு வாங்கப் போனவள், திவச வீடு என்பது ஞாபகம் வந்து கத்திரிக்காய் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இளவரசு நிஜமாகவே வந்தான். ஒரு வீட்டுக்காரரின் மகனை இசைவாணி கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்களும் ஐயரும் வந்தார்கள், திவசம் முடிந்தது. அவன் ராபர்ட்டிடம் ஓரிரு வார்த்தை பேசி, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஞானாம்பாள் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த டம்ளர். அதில் விளிம்பு வரைக்கும் சர்க்கரை, அதன் மேல் ஒரு மஞ்சள் கிழங்கு. வாசலில் இன்னும் பிரிக்காமல் கிடந்த பெட்டிகளை அவர் பார்த்தார்.

"போறீங்களா?"

"இல்லம்மா, அது வந்து... நாங்கதான் தப்பா..." இசைவாணி அவசரமாகச் சொன்னாள். "லோகநாயகி சொல்லிச்சி. வருசம் திரும்பாம குடுக்கக் கூடாதுன்னுதான் டம்ளர வெச்சிருந்தீங்கன்னு. எனுக்கு அது தெரியல."

ஞானாம்பாள் டம்ளரைக் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுடலாம்" என்றார் கடைசியில். "நீயே எனுக்கு ஒரு காரணத்த எடுத்துக் குடுக்கற. ஆனா அது நெசமில்ல."

இசைவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். வீடு பார்க்கப் போகும்போது பார்ப்பாளே, அப்படி.

"அந்தப் பால நான் குடிக்கல" என்றார் ஞானாம்பாள். "பேரப் படிச்சேன். காலனின்னு படிச்சேன். வாய்கிட்ட கொண்டுபோனேன், மனசு வரல. ஆடை கட்டற வரைக்கும் கையில வெச்சிகினு உக்காந்திருந்தேன். அப்பறம் மோரியில ஊத்திட்டேன். ஊத்தினப்பறம் உன் மூஞ்சப் பாக்க முடியல. அதாம் டம்ளர் வரல. திவசத்துக்காக இல்ல."

தெருவில் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ராபர்ட் உள்ளேயிருந்து எழுந்து வந்தான். இசைவாணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அவரு போனப்பறம் எனுக்கு நேரத்துக்குச் சோறு கெடையாது" என்றார் ஞானாம்பாள். "நீங்க வந்தப்பறந்தான், உங்க வூட்டுக் குக்கர் விசில் அடிச்சா, சரி, நாமளும் ஒரு ஒல வெப்பம்னு எழுந்திருப்பேன். பால ஊத்தின அன்னிக்கும் அடிச்சிச்சி. அன்னிக்கும் எழுந்துபோயி ஒல வெச்சேன். உன் பாலு வேணாம், உன் விசிலு வேணும். இது என்னா மனசுன்னு எனுக்கே கூச்சமாயிடுச்சி. போறதுன்னா போம்மா. தடுக்க எனுக்கு வாயில்ல. பொய்யச் சொல்லி உன்ன நிக்க வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

அப்படியானால் சந்தேகப்பட்டது சரி. ஒரு சுற்றுப் பொய்யாகிப்போய், மறுபடியும் சரி. இசைவாணிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஏழு வருஷத்துக் கோபம். ராமாமிர்தம் வீட்டில் கேட்காதது, அதற்கப்புறம் எந்த வீட்டிலும் கேட்காதது எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. கேட்கலாம்தான். ஆனால் இந்தப் பொம்பளை தானாகவே வந்து சொல்லிவிட்டு நிற்கிறதே, அதை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் எல்லோரும் மகன் வருகிறான் என்றுதான் சொன்னார்கள். கொட்டிவிட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவள் ஞானாம்பாள் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள். மஞ்சளை அடுப்பு மேடையில் வைத்தாள். டம்ளரைக் கழுவினாள்.

"உள்ள வாங்க" என்றாள். குரலில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை. "உக்காருங்க."

ஞானாம்பாள் பின்கட்டு அடுக்களைக்குள் வந்து, கட்டி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இசைவாணி பாலை அடுப்பில் வைத்தாள்.  பொங்கி வந்ததும் இறக்கி, அதே டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டு, பேர் வெட்டிய பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருக்கும்படி திருப்பிக் கொடுத்தாள்.

"சூடா இருக்குது. ஆறட்டும்னு சொல்லாதீங்க."

ஞானாம்பாள் முந்தானையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார். இசைவாணி அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தொண்டைக் குழி ஏறி இறங்குவதையே கவனித்தாள். பாதியில் நிறுத்துகிறாரா, முகம் சுளிக்கிறதா என்று பார்த்தாள். நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசி வாய் உள்ளே போகிறவரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

குடித்து முடித்ததும் ஞானாம்பாள் எழுந்து, தானே குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார். அலமாரி காலியாக இருந்தது.

இசைவாணி கோணியை இழுத்துவந்து நடு அடுக்களையில் போட்டாள்.

"அறிவு" என்று மகளைக் கூப்பிட்டாள். "புஸ்தகத்தையெல்லாம் எடுத்து வெளிய வையி. மாமா, அந்த வரிசை வூட்டுக்காரருக்குப் போனப் போட்டு, வரலன்னு சொல்லிடுங்க."

"என்னா காரணம் சொல்லட்டும்?" என்றான் ராபர்ட்.

இசைவாணி கோணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ராபர்ட் அவிழ்த்த பிறகு அவளே மறுபடி இறுக்கிக் கட்டிய முடிச்சு, பல்லால் கடிக்கவேண்டியிருந்தது.

"மவன் வந்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க" என்றாள்.